கடல் காணா நிலத்தில் புயல்



சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடல் இல்லை. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலையும் கொல்லிமலையும், மேற்கே காவிரி என எல்லை வகுத்துக்கொண்ட நிலம் இது. கிழக்குக் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் ஐப்பசி பிறந்துவிட்டால் இச்சமவெளியில் வாழும் சிலர் நாள்தோறும் கடலையே நோக்கியிருக்கின்றனர். அந்தமானுக்கு அப்பால் எழும் ஒரு மேகக்கூட்டம் எத்திசையில் நகர்கின்றது, திரள்கின்றதா, சிதைகின்றதா என்பதை இரவும் பகலும் பின்தொடர்கின்றனர். இவர்கள் வானிலைத் துறையின் அலுவலர் அல்லர். ஆசிரியராகவும் மாணவராகவும் வணிகராகவும் உழவராகவும் இருந்துகொண்டு, வானத்தின்மீது கொண்ட ஆர்வத்தால் இதனைச் செய்பவர்கள். இவ்வார்வலர்களின் உழைப்பு எத்தன்மையது, அது இச்சமவெளிக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முதற்கண் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கடலோர மீனவர் புயலை எண்ணி அஞ்சுவதில் பொருள் உண்டு. சேலத்தார்க்கு அதனால் ஆவதென்ன? இதற்கு விடை இந்நிலத்தின் தொழில்களிலேயே கிடைக்கின்றது. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் மிகுதி. அவற்றின் விற்பனைக்கென்றே 1981ஆம் ஆண்டு சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு நிறுவனம் தோன்றியது. ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தியாக வேண்டும். சாயமேற்றிய நூலுக்கும் வெயில் வேண்டும். அறுத்துக் குவித்த மக்காச்சோளத்துக்கும் வெயில் வேண்டும். கார்த்திகை மாதத்தில் தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்யுமாயின், களத்தில் கிடக்கும் பொருள் புளித்தும் பூசணம் பூத்தும் போகும். அதே மழையை எதிர்பார்த்துத்தான் ஏரியும் கிணறும் காத்திருக்கின்றன. ஆகவே கடலில் எழும் ஒரு சுழற்சி இங்குள்ள ஒருவர்க்கு இழப்பாகவும் மற்றொருவர்க்கு வாழ்வாகவும் வந்து சேர்கின்றது.

அச்சுழற்சி எவ்வாறு பிறக்கின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் நலம். வெப்பமண்டலத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகின்றது. அவ்வோட்டத்தில் ஆங்காங்கே நெளிவு தோன்றும். அந்நெளிவையே அறிஞர்கள் அலை என்பர். இது நீரின் அலையன்று, காற்றின் அலை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை விட்டு நீங்கும் இத்தகைய அலைகள் ஒவ்வோராண்டும் பல. அவற்றுள் பெரும்பாலானவை அட்லாண்டிக் கடலின்மீது மழையைச் சிந்திவிட்டு மறைகின்றன. ஒருசில மட்டுமே சுழன்று வலுப்பெற்று, அமெரிக்கர் ஹரிக்கேன் என வழங்கும் பெரும்புயல்களாகின்றன. பசிபிக் கடலின் மேற்குப் பகுதியில் அதனையே டைஃபூன் என்பர். வங்கக்கடலில் அது புயல் எனப்படுகின்றது. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து மேற்கே நகர்ந்துவரும் ஒரு தாழ்வு, மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடலில் புத்துயிர் பெறுவதும் உண்டு. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா அவ்வாறு வந்ததே.

கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல், காற்றில் ஈரம் மிகுந்திருத்தல், கீழ்க்காற்றும் மேற்காற்றும் திசையிலும் வேகத்திலும் பெரிதும் மாறுபடாதிருத்தல் ஆகியவை ஒருங்கே அமைந்தாலன்றி அலை புயலாகாது. அமையுமா, அமையாதா என்பதில்தான் ஆர்வலர்களின் உறக்கம் போகின்றது.

இத்தகைய ஆர்வம் புதியதன்று. ஆங்கிலத்தில் புயலுக்கு இன்று வழங்கும் சைக்ளோன் என்னும் சொல்லைப் படைத்தவரே வானிலைத் துறையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கல்கத்தாவில் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக்கடலில் சிக்குண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்து, காற்று வட்டமிட்டுச் சுழல்வதைக் கண்டார். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்து 1848ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் வழங்கினார். மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைத்தால் புயலின் கடலெழுச்சி அதனை அழித்துவிடும் என 1853இல் ஆட்சித்தலைமைக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867ஆம் ஆண்டுப் புயலில் அது பாழ்பட்டது. அப்போது பிடிங்டன் உயிரோடு இல்லை. உலகின் மறுகோடியில், கியூபாவின் ஹவானா நகரத்துக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய பெனித்தோ வீன்யெஸ் என்னும் பாதிரியார், மேல்வானத்து மேகங்களின் போக்கைக் கொண்டே புயலின் நிலையறிந்து, 1875 செப்டம்பரில் மக்களுக்கு முன்னெச்சரிக்கை வழங்கினார். அதே 1875ஆம் ஆண்டுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் நிறுவப்பெற்றது.

தமிழ்நாட்டில் இவ்வார்வம் பரவியமைக்குக் காரணம் பல. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் சார்பில் தொலைக்காட்சியில் பேசிய எஸ்.ஆர். ரமணன், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்னும் தொடரை வீட்டுச் சொல்லாக்கினார். 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த மழை, வானிலையை உயிர்ச்செய்தியாக்கியது. துறை சாராத பிரதீப் ஜான் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என அறியப்பெற்றார். மன்னார்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் செல்வகுமார் உழவர்க்கு விளங்கும் மொழியில் வானிலை கூறிப் புகழ்பெற்றார். அவர்களைக் கேட்டும் கற்றும் ஊர்தோறும் பலர் உருவாயினர்.

அவர்களது கருவிகள் எளியவை. மொட்டைமாடியில் ஒரு மழைமானி, காலை 8.30 மணிக்கு அதன் அளவைக் குறித்துவைக்கும் ஒரு குறிப்பேடு. அரசின் மழைநாளும் அதே நேரத்தில்தான் தொடங்கி முடிகின்றது. எனவே தம் வீட்டு அளவையும் வட்டாட்சியர் அலுவலக அளவையும் அவர்கள் ஒப்பிட முடிகின்றது. இவற்றோடு இன்சாட் செயற்கைக்கோளின் படம், சென்னை, காரைக்கால் ராடார்களின் படம், ஐரோப்பிய மையமும் அமெரிக்க மையமும் வெளியிடும் கணிப்பு மாதிரிகள் ஆகியவற்றையும் காண்கின்றனர். ஒரு மாதிரி சென்னை என்னும். மற்றொன்று நாகை என்னும். இரண்டுக்குமிடையே உண்மை எங்குள்ளது என ஆராய்வதே அவர்களது நள்ளிரவு வேலை.

இவ்வார்வலர்களின் அறிவையும் பொறுமையையும் ஒருங்கே சோதித்தது 2024 நவம்பரில் தோன்றிய ஃபெஞ்சல் ஆகும். அந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் அது கடலில் தொடங்கினும் இச்சமவெளியின் வாயிலில் வந்துதான் முடிந்தது.

நவம்பர் 23 அன்று நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பகுதியில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாயிற்று. 25ஆம் நாள் அது தாழ்வு மண்டலமாயிற்று. 26ஆம் நாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. மறுநாள் புயலாகும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. அதன் மறுநாளும் ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி அது ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் மழையால் இலங்கையின் கிழக்குப் பகுதி வெள்ளக்காடாகி உயிர்கள் மாண்டன. சவூதி அரேபியா வழங்கிய பெயர் காத்திருந்தது. அப்பெயருக்குரிய புயலோ பிறக்கவில்லை. 29ஆம் நாள் காலையில், புயலாகாமலேயே அது கரையைக் கடக்கும் என்னும் கருத்து மேலோங்கியது. பலர் ஆறுதலடைந்தனர்; சிலர் நகைத்தனர். அன்று பிற்பகலில் அது புயலாயிற்று. 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

புயலை அளக்கும் அளவுகோல் காற்றின் வேகமே ஆகும் என்பது இங்கே கருதத்தக்கது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேறுபாட்டில் ஒன்றுக்குப் பெயர் கிடைக்கின்றது, மற்றொன்றுக்குக் கிடைப்பதில்லை. மழையின் அளவு இப்பகுப்பில் எங்கும் இடம்பெறவில்லை. ஒரு வாரமாக நாடு முழுவதும் கேட்ட கேள்வி, ‘புயலாகுமா, ஆகாதா’ என்பது. கேட்கவேண்டிய கேள்வியோ, ‘எங்கே நிற்கும், எவ்வளவு பொழியும்’ என்பது.

கரையைக் கடந்த ஃபெஞ்சல் விரைந்து அகலவில்லை. டிசம்பர் முதல் நாள் புதுச்சேரியை ஒட்டி ஏறத்தாழ அசையாமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டரையும் கடந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு உயிர்களைக் கொண்டது. காற்று தணிந்தது, புயல் தாழ்வு மண்டலமாகத் தரமிறங்கியது. கடற்கரையில் இருந்தோர் அது முடிந்தது எனக் கருதிய வேளையில், அது மேற்கே நகர்ந்து மலைகளை அடைந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர், ஏற்காட்டில் 24 சென்டிமீட்டர் என மழை பதிவாயிற்று.

இவ்வூர்களுள் ஒன்றும் கடலோரத்தது அன்று. ஊத்தங்கரையும் அரூரும் 1965ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டம் பிரியும் வரையில் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. வறட்சிக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. 21 சென்டிமீட்டரைத் தொட்டாலே அதிகனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. ஊத்தங்கரையில் பெய்தது அதனினும் இருமடங்கைத் தாண்டியது. ஓர் ஏக்கர் நிலத்தின்மீது 50 சென்டிமீட்டர் மழை என்றால் 20 லட்சம் லிட்டர் நீர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 160க்கும் மேல் ஒரே ஏக்கரில் ஒரே நாளில் கவிழ்க்கப்பட்டதாகக் கொள்ளலாம். சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிச் சென்றது வியப்பன்று.

மலையில் பெய்த மழை எங்கே சென்றது என்பதும் நோக்கத்தக்கது. ஏற்காட்டு மலையின் தென்சரிவு நீர் திருமணிமுத்தாறாகிச் சேலம் நகரை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டத்தின் வழியே காவிரியை அடைகின்றது. வடசரிவு நீர் வாணியாறாகி அரூர்ப் பக்கம் சென்று தென்பெண்ணையில் கலக்கின்றது. ஊத்தங்கரைப் பாம்பாற்று நீரும் தென்பெண்ணைக்கே உரியது. ஆகவே சேலத்தில் தாழ்வான பகுதிகளில் திருமணிமுத்தாறு புகுந்த அதே வேளையில், மற்றொரு வெள்ளம் சாத்தனூர் அணையை நோக்கி விரைந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அவ்வணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களைச் சென்றடைந்ததா என்பது சட்டமன்றத்திலும் வாதப்பொருளாயிற்று. கடலிலிருந்து மலைக்கு வந்த நீர், மலையிலிருந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும் வழியில், முன்பே புயலால் அடிபட்ட மக்களை இரண்டாம் முறையும் அடித்தது.

ஃபெஞ்சல் மட்டுமே விதிவிலக்கு எனக் கொள்ளுதல் கூடாது. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் வந்து நின்றே வலுவிழந்தது. தென்கோடியில் பேரச்சம் நிலவ, பெருமழையோ காவிரிப் படுகையில் பெய்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா இலங்கையின் மலைநாட்டில் பொழிந்த மழையால் மண்சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அங்கும் கொன்றது காற்றன்று, நீரே.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து சமவெளி ஆர்வலர்கள் கற்கவேண்டியவை இரண்டு.

ஒன்று, சொல்லின் பொறுப்பு. வானிலைத் துறையின் அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்பது அழகுக்காக எழுதப்பட்ட தொடர் அன்று. ஒரு பரப்பிலுள்ள மழைப்பதிவு நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்பது அதன் பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்பதோ முக்கால்பங்குக்கு மேற்பட்டவற்றைக் குறிக்கும். ‘பெய்யும்’ என்பதற்கும் ‘பெய்யலாம்’ என்பதற்கும் இடையே ஒரு சேகோ ஆலையின் ஒரு வார உழைப்பு கிடக்கின்றது. ‘பெய்யலாம்’ என்னும் சொல்லைக் கோழைத்தனம் என எள்ளுவோர் உண்டு. அது கோழைத்தனம் அன்று, நேர்மை. பத்து நாளுக்கு முந்திய ஒரேயொரு மாதிரியின் படத்தைக் காட்டிப் பெரும்புயல் வருகின்றது என முழங்குவது எளிது. வாராதபோது அவ்வாறு முழங்கியவர் மறக்கப்படுவார். ஆனால் அடுத்த முறை உண்மையாகவே எச்சரிக்கை வரும்போது, நம்பாமல் வீட்டிலேயே இருந்துவிடும் ஒரு குடும்பம் அதற்கு விலை கொடுக்கும். மாறாக, ‘ஒன்றும் இல்லை’ என அடித்துரைப்பதும் அதே தவறேயாம். நவம்பர் 29 காலையில் நகைத்தவர்கள் மாலைக்குள் வாயடைத்ததை மறத்தல் ஆகாது.

மற்றொன்று, கேட்பவரின் தொழிலறிந்து பேசுதல். இதற்கு முன்மாதிரி தேடி வெளியூர் செல்லவேண்டியதில்லை, நாமக்கல்லிலேயே உள்ளது. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் வழங்கி நாளிதழ்களில் வெளியாகும் அறிக்கையைப் பண்ணையாளர்கள் நன்கறிவர். வரும் நாட்களில் வெப்பம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, காற்று இத்திசை என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. அத்தட்பவெப்பத்தில் கோழிக்கு என்ன நேரும், தீவனத்தில் எதைக் கூட்ட வேண்டும், எந்நோய்க்கு எதிராக விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகின்றது. வானத்தைப் பற்றிய செய்தி அங்கே தீவனத் தொட்டியைப் பற்றிய செய்தியாக மாறுகின்றது. அறிவு பயன்படும் இடம் அதுவே. அவ்வாறே, ‘ஆழ்ந்த தாழ்வு மண்டலம் மேற்கு வடமேற்காக நகர்கின்றது’ என்பதோடு நில்லாமல், ‘ஏற்காட்டில் இரவு முழுதும் மழை பெய்கின்றது; திருமணிமுத்தாற்றின் கரையில் குடியிருப்போர் விடியுமுன் மேட்டுக்குச் செல்க’ எனச் சொல்லும்போதுதான் ஆர்வலர் பணி முழுமை பெறும். ஓர் ஊரைச் சுட்டி இத்தனை சென்டிமீட்டர் எனத் துல்லியமாக முன்னுரைக்கும் ஆற்றல் எந்த மாதிரிக்கும் இன்னும் கைவரவில்லை. ஆனால் மலையில் பெய்த மழை ஊருக்குள் வந்துசேரச் சில மணி நேரமேனும் ஆகும். மலையடிவாரத்து மொட்டைமாடியில் உள்ள ஒரு மழைமானியும், அதனை நள்ளிரவிலும் எழுந்து பார்க்கும் ஒருவரும், அந்தச் சில மணி நேரத்தை ஆற்றங்கரையில் உறங்குவோர்க்குப் பெற்றுத்தர இயலும். உரிய அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு மாற்றாக அன்று, அதற்குத் துணையாக.

நிறைவாக ஒரு சொல்லாராய்ச்சி. இலக்கிய வட்டத்தில் அது பொருத்தமுடையதே. இன்று பெருங்காற்றைக் குறிக்கும் புயல் என்னும் சொல், பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், உழவர் ஏரோட்டுதற்கு ஆதாரமான வருவாயாக மழையைக் கூறுமிடத்தில் வள்ளுவர் ஆண்ட சொல் புயல் என்பதே. பின்னாளில் அச்சொல் காற்றின் பக்கம் சாய்ந்தது. கடலோரத்துக்கு அப்பொருள் பொருந்தும். ஆனால் ஊத்தங்கரையிலும் அரூரிலும் ஏற்காட்டிலும் 2024 டிசம்பரில் வந்திறங்கியது காற்றாகிய புயல் அன்று. அது கரையிலேயே ஓய்ந்துவிட்டது. அங்கே வந்தது வள்ளுவர் கூறிய புயல். ஏரியை நிரப்புவதும் அதுவே. ஏரிக்கரையை உடைப்பதும் அதுவே.

ஆதலின் சேலம், நாமக்கல் சமவெளியில் வானத்தை நோக்கியிருப்போர் அப்பழம்பொருளை மறவாதிருத்தல் வேண்டும். பெயர் பெற்றதா, பெறவில்லையா என்பதில் அவர்களது கணக்கு முடிவதில்லை. காற்று அடங்கிய பின்னரே அவர்களது மழைமானி நிரம்பத் தொடங்குகின்றது. கடற்கரை உறங்கச் செல்லும் வேளையிலேயே அவர்கள் விழித்திருக்கவேண்டிய இரவு தொடங்குகின்றது.